வெளியே வந்தது மாத்திரை அல்ல: மூன்றாம் தேதிக் கடிதத்துக்குத் திருத்தம்

செவ்வாய்க்கிழமை, 18-ஆம் தேதி
பிற்பகல் 2.15

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. என் நலம் இன்று காலை எட்டரை மணிக்கு 138-க்கு 86. உன் நலத்தையும் இப்படி எண்ணிலேயே அறிய ஆவல். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

கடைசியாக உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, என்னைப் பார்க்கும் டாக்டரம்மா தன் மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, நான் கொண்டுபோன ரத்த அழுத்த மாத்திரையைச் சின்னக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே மருந்து இல்லை. இரண்டு வாரமாக நான் 'கரையாத மாத்திரை' என்று சொல்லிவந்தது மாத்திரையே அல்ல. மருந்தை உடம்புக்குள் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்த காலிக் கூடு. ஆதாரம்: டாக்டரம்மா, அவருடைய நர்ஸ், என் இரண்டு கண்கள், ஒரு பூதக்கண்ணாடி. ஆகவே மூன்றாம் தேதி நான் உனக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தவறு. தேதி மட்டும் சரி.

முதல் பக்கத்தில் தவறு செய்தால் முதல் பக்கத்திலேயே திருத்தம் போடவேண்டும் என்று முப்பத்தெட்டு வருடமாகப் பத்திரிகை அலுவலகத்தில் வாதாடுகிறவன் நான். யாரும் கேட்டதில்லை, எல்லாத் திருத்தமும் பதினொன்றாம் பக்கத்து மூலைக்குத்தான் போகும். உன் விஷயத்தில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான்கு பக்கத் தவறுக்கு நான்கு பக்கத் திருத்தம். சிரிக்கக் கூடாத பகுதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கடிதம் உன் கைக்கு வந்தது ஐந்தாம் தேதி. நீ மாத்திரையை நிறுத்தி இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிறது. போன வருடம் உனக்கு வலது கண் ஒரு மணி நேரம் தெரியாமல் போய், பிறகு தானாகத் திரும்பி வந்ததே, அப்போது உன் டாக்டர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "இது எச்சரிக்கைதாம்மா. அடுத்தது எச்சரிக்கையா இருக்காது." அப்படிப்பட்டவளிடம்தான் மாத்திரை போலி, விட்டுவிடு என்று எழுதி, 'விட்டுவிடு' என்பதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் நீ நம்புவாய். மூன்று மாதத்துக்கு முன் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றி இறக்கி, 182-க்கு 106 என்றாள். நான் அசரவில்லை. "ஒரு செய்திக்கு ஒரு சோர்ஸ் போதாதும்மா, இன்னொண்ணு வேணும்" என்றேன். "இன்னொரு கை இருக்குல்ல சார், அதைக் குடுங்க" என்றாள். அது 180-க்கு 106 என்றது. "ரெண்டும் ஒரே ஆளோட கை. தனித்தனி சோர்ஸ் ஆகாது" என்றேன். அவள் பெருமூச்சு விட்டு, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற எங்கள் போட்டோக்காரரை இழுத்து உட்காரவைத்து அளந்தாள். 118-க்கு 76. "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் நல்லா இல்ல" என்றாள். இவ்வளவு சுருக்கமாக ஒரு செய்தியை எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உறையில் ஐந்து மில்லிகிராம் என்று போட்டிருந்தது. ஒரு பத்தி எழுத என் பேனா செலவழிக்கும் மை அதைவிட அதிகமாக இருக்கலாம். இதை நான் சரிபார்க்கவில்லை. எழுபத்தொரு கிலோ ஆளை இந்தப் பொடிசு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பத்தே நாளில் எண் இறங்கியது, இருமல் ஏறியது. தொண்டையில் யாரோ இறகை வைத்துக் கிச்சுகிச்சு மூட்டுவது போன்ற வறட்டு இருமல். ஒரு பெரிய மனிதரின் இரங்கல் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனத்தின்போது நான் பதினான்கு முறை இருமினேன், எண்ணியவர் போட்டோக்காரர். மறுநாள் போட்டிப் பத்திரிகையில் 'துக்கம் தாளாமல் நிருபர்களும் விம்மினர்' என்று வந்தது. இருமல் மருந்து மூன்று பாட்டில் குடித்தபின்புதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இது அந்த மாத்திரை பண்ற வேலை சார். சிலருக்கு வரும். மாத்திடலாம்" என்றார். ரத்தக் குழாயைத் தளர்த்தப் போன ஒன்று வழியில் தொண்டைக்கும் ஒரு விசாரணை போட்டுவிட்டுப் போகிறது. உடம்புக்குள் எது எதோடு பேசிக்கொள்கிறது என்பதை நான் முதன்முதலாக யோசித்தது அன்றுதான்.

அடுத்தது நீர் மாத்திரை. உப்பையும் தண்ணீரையும் சிறுநீரகத்தின் வழியாக வெளியே அனுப்பி, குழாய்க்குள் இருக்கும் நெருக்கடியைக் குறைக்குமாம். குறைத்தது. நகரமன்றக் கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. நடு வரிசையில் உட்கார்ந்திருந்த நான் ஆறு முறை எழுந்து வெளியே ஓடினேன். பேசிக்கொண்டிருந்த உறுப்பினர், தன் பேச்சைக் கண்டித்துப் பத்திரிகைக்காரர் வெளிநடப்பு செய்கிறார் என்று நினைத்து, நான் எழும்போதெல்லாம் குரலை உயர்த்தினார். கடைசியில் ஓட்டெடுப்பு நடந்தபோது நான் எங்கே இருந்தேன் என்பது உனக்கே தெரியும். தீர்மானம் நிறைவேறியதா இல்லையா என்று போட்டிப் பத்திரிகை நிருபரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது மாத்திரை. நீ இரண்டு வருடமாகப் போடுகிற அதே மாத்திரை. செங்கல் நிறம், வழவழப்பு, நாளுக்கு ஒன்று. இருமல் இல்லை, ஓட்டம் இல்லை. எண் இறங்கியது. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு காலை, அச்சில் ஏற்றத் தகாத ஓர் இடத்தில், அச்சில் ஏற்றத் தகாத ஒரு நேரத்தில், அந்த மாத்திரையை மறுபடியும் சந்தித்தேன். முந்தின நாள் வாயில் போட்டபோது இருந்த அதே நிறம், அதே வடிவம், ஓரம்கூட மழுங்கவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்று நான்கு நாள் தொடர்ந்து கவனித்தேன். மூன்று நாள் தென்பட்டது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நான்காம் நாள் சமையலறை இடுக்கியால் ஒன்றை எடுத்து, மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினேன். உன் தம்பி மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, ஊர்ல நியூஸ் எடுக்க உங்களுக்கு வேற பீட்டே கிடைக்கலையா?"

"இது சாட்சியம்."

"அந்த இடுக்கி?"

"கழுவிட்டேன்."

"நான் இனி பாத்திரத்தைத் துணியால பிடிச்சு இறக்கிக்கறேன். அதைச் சாட்சியத்தோடவே வெச்சுக்கோங்க."

நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் என் நிலையையும் நீ பார்க்க வேண்டும். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ ஊழலை எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட நானே நேரில் கண்ட சாட்சியாக இருந்ததில்லை. இதில் நான் சாட்சி மட்டுமல்ல, சம்பவ இடமும் நானே. உள்ளே போனது அப்படியே வெளியே வருகிறது என்றால் மருந்து எங்கே வேலை செய்தது? எண் இறங்கியதே என்று என் புத்தி கேட்கத்தான் செய்தது. பயத்தில் இறங்கியிருக்கும் என்று அதற்கே பதில் சொல்லி உட்காரவைத்தேன். செய்தி ஆசிரியரிடம் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளிக்கொண்டு, "ரெண்டாவது சோர்ஸ் யாருண்ணே?" என்றார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த விதியை எனக்கே திருப்பினார். அதனால்தான் உனக்கு எழுதினேன். நிறுத்து என்று சொன்ன அதே கடிதத்தில், நிறுத்துமுன் நீயும் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்து என்று கேட்டேன். ஒன்பதாம் தேதி உன் அஞ்சலட்டை வந்தது: 'பார்த்தேன். நீ சொன்னது சரி. முழுதாகத்தான் வருகிறது. அக்கா.' இரண்டாவது சோர்ஸ் கிடைத்தது என்று நான் அடைந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் என் காது சுடுகிறது.

செய்தி ஆசிரியர் அப்போதும் மசியவில்லை. நிபுணர் கருத்து ஒன்று வேண்டும் என்றார். அதற்குள் நான் ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன். அலுவலகத்தில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் உனக்குத் தெரியும். வாக்கியம் நீளமாக இருந்தால் வாசகருக்குள் இறங்காது, உடைத்துப் போடு. மாத்திரையும் உடைக்காததால்தான் இறங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. நேற்று திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அதைச் சின்ன உரலில் போட்டு இடித்தேன். லேசில் உடையவில்லை. பொடியாக்கி, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பெருமையோடு வேலைக்குப் போனேன்.

எட்டரை மணிக்கு அலுவலக மாடிப்படியில் பதினேழாவது படியில் இருந்தேன். முகம் அடுப்பு வாசலில் வைத்தது போல் சுட்டது. காதுக்குள் அச்சு இயந்திரம் ஓடியது. நெஞ்சு தனியாக மாடி ஏறிப் போய்விட்டது. பிறகு பதினெட்டாவது படி என்னை நோக்கி வருவது போல் இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த போட்டோக்காரர், "அண்ணே, என்னண்ணே, மூஞ்சி இப்படிச் செவந்திருக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறது, நான் "குறிச்சுக்கோ, எட்டு முப்பத்திரண்டு" என்று சொன்னதாக அவர் சொல்கிறார். அவர்தான் என்னைத் தோளில் சாய்த்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே அளந்தபோது 84-க்கு 50. படுக்கவைத்து, காலுக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தி, கையில் சலைன் ஏற்றினார்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க குடுத்த மாத்திரைதான்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணுக்கு இப்படி ஆகாதே. எப்படிச் சாப்பிட்டீங்க?"

"இடிச்சு."

அவர் சலைன் சொட்டும் வேகத்தைச் சரிபார்த்தார். பிறகு, "ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டிய மருந்து சார் அது. அரை மணி நேரத்துல மொத்தத்தையும் கொட்டியிருக்கீங்க. உயிர் போயிருக்கும்" என்றார். போட்டோக்காரர் தன் பங்குக்கு, "இருபத்துநாலு பக்கத்தையும் ஒரே தாள் மேல அடிச்ச மாதிரி" என்றார். ஏன் இடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். படுத்தபடியே சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்து பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. "நாளைக்குக் காலைல வாங்க, காட்டறேன். இன்னைக்கு நீங்க தலையைத் தூக்கக் கூடாது" என்றார்.

அக்கா, இன்று காலை அவர் காட்டியதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளம், தீ, தேர்தல், விண்கலம் எல்லாம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு சின்ன ஒன்றின்முன் வாயடைத்து நின்றதில்லை. முதலில் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, மாத்திரையின் ஒரு முகத்தைப் பார்க்கச் சொன்னார். நடுவில் ஒரு துளை. ஊசி நுழையும் அளவு. இத்தனை நாள் கையில் எடுத்தும் நான் பார்க்காத துளை. கத்தியால் இல்லை, ஊசியால் இல்லை, ஒளியால் துளைத்தார்களாம். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒன்று. மேலே இருக்கும் தோல் தண்ணீரை மட்டும் உள்ளே விடும். உள்ளே இரண்டு அடுக்கு. மேலே மருந்து, கீழே தண்ணீர் பட்டால் உப்புகிற ஒரு பொருள். நீ காலையில் விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போகிறாய். அது வயிற்றுக்குள் இறங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை வாங்கி, அடி அடுக்கு மெல்ல உப்பி, மேல் அடுக்கிலிருக்கும் மருந்தை அந்தத் துளை வழியாக வெளியே தள்ளுகிறது. நீ சாப்பிட்டாலும் சரி, சண்டை போட்டாலும் சரி, தூங்கினாலும் சரி, அவசரமும் இல்லை, சுணக்கமும் இல்லை. ஒரு நாள் முடியும்போது மருந்து தீர்ந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். அது தன் வேலை முடிந்தது என்று வெளியே வருகிறது. அதைத்தான் உன் தம்பி இடுக்கியால் கைது செய்திருக்கிறான்.

வெளியே வந்த மருந்து என்ன செய்கிறது என்று கேட்டேன். ரத்தக் குழாயின் சுவர் தசையால் ஆனதாம். அதில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள். சுண்ணாம்புச் சத்து அந்த வாசல் வழியே உள்ளே போனால்தான் தசை இறுகும். இந்த மருந்து வாசலில் போய் நின்றுகொள்கிறது. சத்தம் போடுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. கொஞ்சம் பேரை உள்ளே விடாமல் நிற்கிறது, அவ்வளவுதான். குழாய் தளர்கிறது, ரத்தம் மூச்சு விடுகிறது. "குணமாயிடுமா?" என்றேன். "குணமாகாது சார். இன்னைக்குப் போட்டா இன்னைக்குக் காக்கும். நாளைக்குக் காக்க நாளைக்குப் போடணும். ப்ரெஷர் ஏறினா வலிக்காது, அதான் இதுல ஆபத்தே. நிறுத்தினவங்க நல்லா இருக்கோம்னு நினைச்சுக்கிட்டே நடமாடுவாங்க" என்றார். நான் கொண்டுபோயிருந்த அட்டைப் பெட்டியிலிருந்த தாளையும் காட்டினார். 'உடைக்காமல் விழுங்கவும், காலிக் கூடு வெளியேறுவது இயல்பு' என்று எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தத் தாளின் ஓரத்து வெள்ளையில்தான் நான் என் நான்கு நாள் கண்டுபிடிப்பையும் குறித்து வைத்திருந்தேன்.

அங்கே நின்றபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. பேச்சில்லாமல் பதினொரு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாரே, அவருடைய எண் என்ன? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விழும்வரை யாரும் அளக்கவில்லை. அவர் சட்டைப்பையில் இப்படி ஓர் அட்டை மாத்திரை இருந்திருந்தால் என்று நான் எழுத மாட்டேன். அது ஊகம், ஊகத்தை நான் எழுதுவதில்லை. அளக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு உன் வீட்டுக்குப் போன் செய்தேன். முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊரார் குரலையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற நாளிலிருந்து நீ ரிசீவரைத் தொடுவதில்லை என்பது தெரிந்தும் செய்தேன். உன் மருமகள் எடுத்தாள். "அத்தை மாத்திரை போட்டு நான் பாக்கவே இல்ல மாமா. டப்பாவைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க" என்றாள். "கடிதம் தப்புன்னு சொல்லும்மா, உடனே சொல்லு" என்றேன். அவள் சொல்வது எனக்குக் கேட்டது. நீ சொன்ன பதிலும் கேட்டது. "எழுத்துல வந்ததை எழுத்துலதான் மாத்தணும். எழுதச் சொல்லு அவனை." நியாயமான கோரிக்கை. ஏற்றுக்கொண்டேன். இதோ எழுத்தில்.

பதின்மூன்று நாள் விட்டதை நீயாக ஆரம்பிக்க வேண்டாம். இரண்டாகச் சேர்த்துப் போட்டுச் சரிக்கட்டவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் டாக்டரிடம் மருமகள் நேரம் வாங்கியிருக்கிறாள். போய் உட்காரு, கையை நீட்டு, எண்ணைக் கேள், அவர் சொல்கிறபடி செய். தலைவலியோ கண் மங்கலோ தெரிந்தால் வெள்ளிவரை காத்திராமல் அந்த நிமிடமே கிளம்பு. வெள்ளி பதினொன்றரைக்குள் மருமகள் எனக்குச் சொல்வாள். அதுவரை போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன்.

உன் தம்பி மனைவி உன்னை மிகவும் விசாரித்தாள். புது இடுக்கி வாங்கியாகிவிட்டது என்றும் சொல்லச் சொன்னாள். நீ நூறு வயதுவரை, 120-க்கு 80-லேயே, என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் கையால் குட்டுப்படக் காத்திருக்கும்,
தம்பி

பி.கு.: மணி நான்கு ஐந்து. உறையை ஒட்டக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது தபால்காரர் நீ ஞாயிற்றுக்கிழமை எழுதிய அஞ்சலட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். உன்னிடம் நகல் இருக்காது என்பதால் அப்படியே தருகிறேன்:

'தம்பிக்கு. நான் ஒரு நாளும் மாத்திரையை நிறுத்தவில்லை. கூடு வெளியே வரும் என்று மருந்துக்கடைக்காரர் இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். பார்த்தாயா என்று கேட்டாய், பார்த்தேன் என்று எழுதினேன். போட்டாயா என்று நீ கேட்கவில்லை. புதன்கிழமை எனக்கு 132-க்கு 80. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியவன் என் மகன். நான்கு மாதமாக அவனுக்கும் ப்ரெஷர், இதே மாத்திரை. தெரிந்தால் பஸ் ஓட்டவிடமாட்டார்கள் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறான். என் டப்பாவையும் குப்பையில் போட வந்தான், அதனால் பூட்டினேன். நான் சொன்னால் கேட்கவில்லை. மாமா பொய் எழுதமாட்டார் என்கிறான். நீ ஏற்றியதை நீயே எழுதி இறக்கு. அக்கா.'

ஆகவே மேலே உள்ள கடிதத்தில் 'அக்கா' என்று வரும் இடங்களிலெல்லாம் 'மருமகனே' என்று திருத்தி வாசிக்கவும். 'அப்பா' என்பதைத் 'தாத்தா' என்று வாசிக்கவும். உன் கண்ணைப் பற்றிய வரிகளை அப்படியே விட்டுவிடு. அன்று அவனும் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றவன்தான். வாசித்து முடித்ததும் கடிதத்தை அவன் கையில் கொடு. நான்கு இருபதுக்கு மறுபடி போன் செய்தேன். "இவருக்கா? ப்ரெஷரா? இருங்க மாமா" என்று உன் மருமகள் ரிசீவரை மேசைமேல் போட்டுவிட்டுப் போனாள். ஆறு நிமிடம் உன் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. "யூனிஃபார்ம் பையில புது மாத்திரை அட்டை இருக்கு மாமா. ஒண்ணுகூடக் கிழிக்கலை. டிப்போவுக்குச் சொல்லிட்டேன், இன்னைக்கு ராத்திரி வண்டி எடுக்க மாட்டார். கோவமா உக்காந்திருக்கார். உக்காரட்டும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வாங்கியிருந்த நேரம் அவன் பெயருக்கு மாறிவிட்டது. நாளைக் காலையே பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். ஆறு மணிக்குப் பதில் சொல்வதாகக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மணி ஐந்து நாற்பது.